இரண்டு நிறம் சேரும் கோடு

பழைய வார்ப்பிரும்புக்கு இரண்டு நிறம் அடிக்கிறவர்கள் பெரும்பாலும் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். எழுத்துக்கு மஞ்சளை முதலில் அடித்துவிட்டு, பிறகு அதைச் சுற்றிப் பச்சையை இழுக்கிறார்கள். எவ்வளவு நிதானமான கையாக இருந்தாலும் எழுத்தின் ஓரம் எங்காவது அலைந்துவிடும். பள்ளத்துக்கு இருண்ட நிறம் முதலில். அது இரண்டு நாள் காய வேண்டும். மேட்டுக்கு வெளிர் நிறம் அப்புறம்தான். இது தெரியாமலே இருபது வருசம் தொழில் செய்தவர்கள் கப்பலூரில் இருக்கிறார்கள். என் வீட்டுக்காரரும் அதில் ஒருவர்.

இன்ஸ்பெக்டர் ஐயா, இதை நான் என் கையாலேயே எழுதுகிறேன். நான் சொல்லச் சொல்ல, தானே எழுதிக்கொள்வதாக ஏட்டையா சொன்னார். அவர் எழுதினால் அது அவருடைய எழுத்தாகிவிடும். நான் எட்டாவது வரை படித்திருக்கிறேன், தினமும் பேப்பர் படிக்கிறேன், எனக்கு எழுத வரும்.

முந்தாநாளும் வந்தேன், நேற்றும் வந்தேன். இரண்டு தடவையும் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். "புருசனக் காப்பாத்த இந்தம்மா பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிருது" என்று நீங்கள் ஏட்டையாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது. உங்கள் குரலில் மரியாதை இருந்தது. அந்த மரியாதையை நான் ஏற்றுக்கொள்ள முடியாது. அதற்காகத்தான் இன்று பேப்பரும் பேனாவும் கேட்டேன்.

என் பெயர் அன்னக்கொடி. வயது முப்பத்தைந்து. கப்பலூரில் பழைய இரும்புச் சாமான்களைப் புதுப்பித்துக் கொடுக்கும் காசிமாயனின் மனைவி. சென்ற மாதம் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு தோட்டத்துக் கிணற்றில், ஆழப்படுத்தும் வேலைக்கு இறங்கிய சின்னானும் ஆண்டிச்சாமியும், வின்ச் சக்கரம் உடைந்து தொட்டியோடு விழுந்து செத்துப்போனார்கள். சக்கரத்தில் இருந்த வெடிப்பை அடைத்து, மேலே பெயிண்ட் பூசி மறைத்ததாக என் வீட்டுக்காரரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் அந்தச் சக்கரத்தில் ஒரு சொட்டுப் பெயிண்ட் கூட அடிக்கவில்லை.

அவர் கெட்டவர் இல்லை. இதைச் சொல்லிவிடுகிறேன். என்னை ஒரு தடவைகூடக் கைநீட்டி அடித்ததில்லை. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இன்னொருத்தியைக் கட்டிக்கொள் என்று அவருடைய அம்மா ஐந்தாறு வருசம் அழுது பார்த்தார்கள். அவர் கேட்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை என்று ஊர் சொன்னது. பெயிண்ட் அடிக்கிற இந்தக் கை போய்விடுமே என்ற பயம் என்று நான் சொல்வேன்.

என் அப்பா உசிலம்பட்டிச் சந்தையில் மாட்டுத் தரகர். சந்தைக்கு ஓட்டுமுன் கொம்புக்கு வர்ணம் அடிப்பது வீட்டில் என் வேலை. கொம்பில் கீறல் இருந்தால், "அந்த எடத்துல கலர மாத்து" என்பார் அப்பா. அடிக்கொம்பு நீலம், நுனி சிவப்பு. கீறல் எங்கே இருக்கிறதோ அங்கே நீலத்தை முடித்துச் சிவப்பைத் தொடங்க வேண்டும். பார்க்கிறவனின் கண் அந்த இடத்தில் நிறம் மாறுவதைப் பார்க்கும். அடியில் இருக்கும் கோட்டைப் பார்க்காது. பத்து வயதில் எனக்கு இது தெரியும். இதைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. மாட்டை வாங்கியவனும் அடுத்த வருசம் எங்களிடம்தான் வந்தான்.

கல்யாணமாகிக் கப்பலூருக்கு வந்தபோது அவர் மில் ஏலத்தில் பழைய இரும்பு எடுத்து விற்றுக்கொண்டிருந்தார். தையல் மெஷின் கால்கள், தராசுகள், தண்ணீர்ப் பம்புகள். அதில் ஒரு தையல் மெஷின் காலை நான் சும்மா இருந்த நேரத்தில் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்தேன். அழுக்கும் பழைய பெயிண்டும் போனதும் அடியில் கொடிகளும் பூக்களும் இருந்தன. நூறு வருசத்துக்கு முன்னால் யாரோ அச்சு எடுத்து வார்த்தவை. ரெட் ஆக்சைடு பூசி, உப்புத்தாள் போட்டு, முழுவதும் கரும்பச்சை அடித்துக் காயவைத்தேன். பூவுக்கு மட்டும் பொன்னிறம். பிரஷ் வைத்தால் பள்ளத்துக்குள் வழிகிறது. மில்லிலிருந்து வந்த நூற்கட்டை ஒன்றில் கிழிந்த சைக்கிள் டியூபைச் சுற்றி, கண்ணாடித் துண்டின் மேல் பெயிண்டைத் தடவி, கட்டையை அதில் உருட்டி, அப்புறம் பூவின் மேல் உருட்டினேன். மேடு மட்டும் பொன்னை வாங்கிக்கொண்டது. பள்ளம் இருட்டாகவே இருந்தது. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்தக் கால் வைத்த இடத்தில் விற்றுப் போனது. அதற்குப் பிறகு பதினாறு வருசம், எங்கள் பட்டறையிலிருந்து போன ஒவ்வொரு சாமானுக்கும் நான்தான் நிறம் அடித்தேன். பட்டறைக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் உட்கார்ந்து அடிப்பேன். முன்னால் அவர் ஆட்களோடு பேசுவார். பழைய இரும்புக்கு உயிர் கொடுக்கிறவர் என்று அவருக்குப் பெயர் வந்தது.

எண்பத்து இரண்டில் மதுரையில் ஒரு தொழில் பொருட்காட்சி நடந்தது. சிங்கமுகம் வைத்த பழைய தெருக்குழாய் ஒன்றை அவர் அங்கே கொண்டுபோய் வைத்தார். அந்தச் சிங்கத்தின் பிடரிக்கு மட்டும் நான் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டேன். பரிசுக்கு உரியதைத் தேர்ந்தெடுக்க, பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற லாசர் என்பவர் வந்தார். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு குழாயின் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார்.

"இந்த ரெண்டு கலரும் யார் அடிச்சது?"

"நான்தான் சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஓரமெல்லாம் பிளேடு வச்சு அறுத்த மாதிரி இருக்கே. எதுல ஒத்துனீங்க?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சாப்பாட்டுத் தூக்கோடு பின்னால் நின்றிருந்தேன். "நூக்கட்ட" என்று மெதுவாகச் சொன்னேன்.

"நூக்கட்டையில டியூப்பச் சுத்தி உருட்டுறது சார்" என்று அவர் சத்தமாகச் சொன்னார்.

லாசர் சார் என் கையைப் பார்த்தார். என் நகக்கண்ணில் பொன்னிறப் பெயிண்ட் இருந்தது. எத்தனை தேய்த்தாலும் அது போகாது. அவருக்குத் தெரிந்துவிட்டது, ஐயா. தெரிந்த பிறகு அவர் எழுந்து என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

பஸ்ஸில் திரும்பும்போது கேட்டேன்.

"நான் அடிச்சேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்தான். பொம்பள அடிச்சதுன்னு தெரிஞ்சா, கூடை முடையுறதோட சேத்து ஒரு மூலையில வச்சிருவாய்ங்க. என் பேரு, ஒன் பேருன்னு இதுல என்ன இருக்கு அன்னம்? எல்லாம் நமக்குத்தான."

சொல்லிவிட்டு என் மடியில் மல்லிகைப்பூப் பொட்டலத்தை வைத்தார். அவர் அன்றைக்கு என்னைத் திட்டியிருந்தால், "ஒனக்கென்னடி பேரு" என்று கேட்டிருந்தால், நான் அழுது தீர்த்திருப்பேன். அந்த இரண்டு பேரும் உயிரோடு இருந்திருப்பார்கள்.

பரிசு வந்த பிறகு அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பட்டறையை விட்டுப் போகும் ஒவ்வொரு சாமானிலும் 'காசிமாயன், கப்பலூர்' என்று எழுதச் சொன்னார். எழுதினேன். அவர் பெயரை என்னை விட அழகாக யாரும் எழுதியிருக்க முடியாது. எழுதும்போதெல்லாம் ஒன்று நினைப்பேன். நன்றாக இருந்தால் அவர் பெயர். சரி. கெட்டுப்போனாலும் அவர் பெயர்தானே?

இந்த நினைப்பில் என்ன தப்பு இருக்கிறது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. நியாயமான நினைப்பு என்றுதான் இப்போதும் சொல்வேன்.

போன வருசம் மழை இல்லை. இந்த வருசமும் இல்லை. மேற்கே கிணறுகளெல்லாம் பாறை தெரியக் கிடந்தன. அறுபது அடிக் கிணற்றை எண்பது அடியாக்க எல்லோரும் கிணறு வெட்டுகிறவர்களைத் தேடினார்கள். சின்னான் அப்படி ஒரு சிறு கூட்டத்துக்கு மேஸ்திரி. அவனிடம் இருந்த வின்ச் தேய்ந்துவிட்டது என்று எங்களிடம் வந்தான். மூடிப்போன ஒரு மில்லிலிருந்து எடுத்த கை வின்ச் எங்களிடம் கிடந்தது. இரண்டு பக்கமும் கைப்பிடி, நடுவில் கம்பிக் கயிறு சுற்றும் உருளை, அதைத் திருப்பும் பெரிய பல்சக்கரம். சக்கரத்தின் வெளி வளையமான வட்டையில் சீமைக் கம்பெனிப் பெயர் மேடெழுத்தில் இருந்தது. ஆறு ஆரக்கால்கள். நடுவில் அச்சு கோக்கும் குடம். "துருவ எடுத்து, பெயிண்ட் அடிச்சுக் குடுத்துருங்கண்ணே, பத்து நாள்ல வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

என் வீட்டுக்காரர் பரவையில் ஒரு சாமான் பார்க்கப் போயிருந்த நாளில் நான் சக்கரத்தைக் கழுவினேன். வார்ப்பிரும்பை எப்போதும் மண்ணெண்ணெய் வைத்துப் பார்ப்பேன். மண்ணெண்ணெய் தடவி, துடைத்து, சாக்பீஸ் பொடியைத் தூவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். வெடிப்பு இருந்தால் உள்ளே போன எண்ணெய் மெல்ல வெளியே வந்து பொடியில் கோடு போடும். அன்று கோடு போட்டது. குடமும் ஆரக்காலும் சேரும் இடத்தில், ஒரு தலைமுடி கனத்தில், மூன்று ஆரக்கால்களின் அடியைத் தொட்டுக்கொண்டு பாதி வட்டமாக ஓடியது. அதன் மேல் பாரம் ஏறினால் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். குடம் தனியாக, சக்கரம் தனியாகக் கழன்றுவிடும். பிடித்து நிறுத்தும் நாக்கு சக்கரத்தின் பல்லில்தான் விழுகிறது. சக்கரமே கழன்ற பிறகு நாக்கு எதைப் பிடிக்கும்? உருளை தன் போக்கில் சுற்றும்.

பொடியைத் துணியால் துடைத்து எடுத்தேன். பிறகு பசையில் இரும்புத்தூளைக் குழைத்து வெடிப்பில் கட்டைவிரலால் அழுத்தினேன். பட்டி போட்டுத் தேய்த்தேன். ரெட் ஆக்சைடு அடித்தேன்.

அவர் வந்ததும் கேட்டார், "வெடிப்பு கிடிப்பு இருக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன். இல்ல."

"நீ பாத்தாச் சரிதான்" என்று கைகால் கழுவப் போய்விட்டார்.

வழக்கமாக ஒரு சக்கரத்துக்கு ஒரே பச்சை, எழுத்துக்கு மட்டும் மஞ்சள். இதற்கு அப்படிச் செய்யவில்லை. குடத்துக்குச் செங்கல் சிவப்பு, ஆரக்காலுக்குக் கரும்பச்சை. இரண்டும் சேரும் கோட்டை வெடிப்பின் மேலேயே இழுத்தேன். என் வாழ்நாளில் நான் இழுத்த கோடுகளில் அதுதான் நல்ல கோடு. வட்டையில் கம்பெனி எழுத்துக்குப் பொன்னிறம். கீழே 'காசிமாயன், கப்பலூர்', வழக்கத்தை விடப் பெரிதாக. உடையும்போது யாரும் அதைப் பார்க்கத் தவறக் கூடாது.

தொட்டியில் கல்லும் மண்ணும்தான் ஏறும், கல் விழும், ஊர் சிரிக்க அவர் பெயர் கெடும் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் உங்களிடம் முந்தாநாள் சொன்னேன். எழுதும்போது பார்த்தால் அது சரியில்லை. சின்னானும் ஆண்டிச்சாமியும் வண்டியோடு வந்த அன்று, அவர் பில் புத்தகம் எடுக்க உள்ளே போயிருந்தார். சின்னான் சக்கரத்தைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினான். வெடித்த இரும்பு மந்தமாகக் கேட்கும். ஆனால் கிரீஸ் போட்டுப் பூட்டிய எந்தச் சக்கரமும் மந்தமாகத்தான் கேட்கும்.

"தாங்குமாக்கா?" என்று என்னைக் கேட்டான்.

"என்ன ஏத்துவீக?"

"மண்ணு, கல்லு. காலையில எறங்கயில நாங்க ரெண்டு பேரு. சாயந்தரம் ஏறயில நாங்க ரெண்டு பேரு. அம்புட்டுத்தான்."

"தாங்கும்" என்றேன்.

அதனால் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

என் வீட்டுக்காரர் வெளியே வந்ததும் சின்னான் அவரிடம், "அண்ணே, ஒங்க கைக்குக் காப்புப் போடணும்" என்றான். நான் பக்கத்திலேயே நின்றேன். யார் அடித்தது என்று அவன் ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருந்தால் வண்டியை நிறுத்தியிருப்பேன். அவன் கேட்கவில்லை.

சக்கரம் பதினோரு நாள் தாங்கியது. அந்தப் பதினோரு நாளும் நான் சமைத்தேன், சாப்பிட்டேன், ஒரு தராசுக்கு நிறம் அடித்தேன். உசிலம்பட்டிக்குப் பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஏறவில்லை. நான் போட்ட பசை நினைத்ததை விட நன்றாகப் பிடித்திருக்கிறது என்று தோன்றியது. அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. பன்னிரண்டாம் நாள் காலை இறங்கும்போது உடைந்தது.

என் வீட்டுக்காரர் டெம்போ பிடித்துப் போனார். சாயந்தரம் திரும்பி வந்தபோது அவர் சட்டையெல்லாம் செம்மண். உடைந்த குடத்தைக் கையில் வாங்கிப் பார்த்ததாகச் சொன்னார். உடைந்த இடத்தில் பாதி புது வெள்ளை, பாதி பழைய வெடிப்பின் கறுப்பு. கறுப்பில் பசை ஒட்டியிருந்தது. இவ்வளவையும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். பிறகு பார்த்தார். தண்ணீர் குடித்துவிட்டு, "இனிமே யாரு வந்து கேட்டாலும் நீ சாய்ப்புப் பக்கமே வந்ததில்ல. என்ன?" என்றார்.

நீங்கள் வந்தபோதும் அதையேதான் சொன்னார். "நான்தான் சார் அடச்சேன். நான்தான் பெயிண்ட் அடிச்சேன். என் பொஞ்சாதிக்கு ஒண்ணும் தெரியாது."

எனக்காக அவர் ஜெயிலுக்குப் போகிறார் என்று ஏட்டையா கண்கலங்கினார். நான் கலங்கவில்லை. பதினாறு வருசமாக அவர் ஆட்களிடம் சொல்லிவந்த அதே வாக்கியம் அது. கேட்கிற ஆள்தான் மாறியிருக்கிறது.

மறுநாள் பேப்பரில் வந்தது. கைதேர்ந்த வண்ணப்பூச்சினால் விரிசல் கண்ணுக்கே தெரியாதபடி மறைக்கப்பட்டிருந்தது என்று சோதித்த என்ஜினீயர் சொன்னாராம். என் வேலையைப் பற்றி விவரம் தெரிந்த ஒருவர் சொல்லி அச்சில் வந்த முதல் வரி அது. பக்கத்தில் என் வீட்டுக்காரரின் படம்.

நான் சொல்வதை நீங்கள் நம்ப வேண்டாம். சோதித்துக்கொள்ளுங்கள். குடத்தில் முதலில் எந்த நிறம் அடிக்கப்பட்டது என்று அவரைக் கேளுங்கள். சிவப்பு என்பார். கரும்பச்சைதான் முதலில். சிவப்பு அதன் மேல் ஏறி நிற்கிறது. ஆளுக்கொரு துருப்பிடித்த சாமானைக் கொடுத்து எங்கள் இருவரையும் உங்கள் முன்னால் உட்காரவையுங்கள். அதுவும் போதாதென்றால், கம்பெனிப் பெயரின் கடைசி எழுத்துக்கு நேராக இருக்கும் ஆரக்காலின் அடியில் பெயிண்டையும் பட்டியையும் பதமாகச் சுரண்டிப் பாருங்கள். பசையில் ஒரு கட்டைவிரல் ரேகை இருக்கும். என்னுடையது. மற்ற இடத்திலெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டேன். அந்த ஓர் இடத்தில் மட்டும் தேய்க்காமல், ரேகை அழியாதபடி பார்த்து அதன் மேல் பட்டி போட்டேன்.

ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். பழி அவருக்கென்றால் ரேகை எதற்கு என்று. அதற்குப் பதில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன்.

வருத்தப்படுகிறாயா என்று நேற்று கேட்டீர்கள். செத்தவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அவர்களுக்கு நியாயம் கிடைக்க வேண்டும், உண்மை வெளியே வர வேண்டும் என்றுதான் நானாக நடந்து வந்தேன். வேறு யாரும் என்னைக் கூட்டி வரவில்லை. தூக்குப் போட்டாலும் சரி, ஆயுள் முழுக்க வைத்தாலும் சரி, குற்றப்பத்திரிகையில் என் பெயர் முதலில் வர வேண்டும். 'காசிமாயன் மனைவி' என்று தொடங்காமல், அன்னக்கொடி என்று தொடங்கி எழுத வேண்டும்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். முதல் நாள் நான் வந்தது உங்களைப் பார்க்க இல்லை. அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன். ஸ்டேஷன் முற்றத்தில் வேப்பமரத்தடியில் உடைந்த சக்கரத்தைப் போட்டிருந்தீர்கள். அதன் பக்கத்தில் சின்னான் பெண்டாட்டி முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். ஏதோ காகிதத்துக்குக் கைநாட்டு வைக்க வந்தவள். ஏழு மாதம் இருக்கும் வயிறு. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள். பொன்னெழுத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டே பேசினாள்.

"இம்புட்டு அழகா இருக்கேக்கா. மொத நாளு எம் வயித்தத் தொட்டுச் சொன்னாக, சக்கரம் தேரு கணக்கா இருக்கு, பயமே இல்லன்னு. இதப் பாத்துத்தான நம்பி எறங்குனாக."

பதினாறு வருசத்தில் என் வேலையை என் முகத்தைப் பார்த்து அழகு என்று சொன்ன முதல் ஆள் அவள்தான்.

"நான் அடிச்சதுதான் தாயி" என்றேன்.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள். என்னையே பார்த்தாள். வாசலிலிருந்து ஏட்டையா கூப்பிடும்வரை நான் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்: எது முதலில் அடிப்பது, எத்தனை நாள் காயவைப்பது, மேடு மட்டும் எப்படிப் பொன்னை வாங்கும் என்று.